ஸ்வரண் சிங்கும் பாக் நீரிணைக் கோடும்: சுயேச்சையான வெளியுறவுக் கொள்கை ஒரு கடற்கரைக்கு வந்து சேர்ந்த விதம்

ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கை சுயேச்சையானதா என்று கேட்கும்போது நாம் வழக்கமாக வல்லரசுகளின் தலைநகரங்களையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம். மாஸ்கோவின் பேச்சைக் கேட்டார்களா, வாஷிங்டனின் நெருக்கடிக்குப் பணிந்தார்களா, ஐக்கிய நாடுகள் சபையில் யாருக்கு வாக்களித்தார்கள் என்று பார்க்கிறோம். தொண்டியிலிருந்து பாம்பன், ராமேஸ்வரம் வழியாக தனுஷ்கோடி வரை நீளும் கடற்கரையில் இருந்துகொண்டு அதே கேள்வியைக் கேட்டால் விடை வேறோர் இடத்தில் தொடங்குகிறது. இந்தக் கரைக்குச் சுயேச்சையான வெளியுறவுக் கொள்கை கடலின் நடுவே ஒரு கோடாக வந்து சேர்ந்தது. பாக் நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே எல்லை வகுத்து, கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்ட அந்தக் கோடு வரையப்பட்ட 1974இல் இந்தியாவின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர் சர்தார் ஸ்வரண் சிங்.

இந்த ஆய்வு அவருடைய பணியை எடுத்துக்கொண்டு, வெளியுறவு அமைச்சர் என்ற பதவியால் எதைச் சாதிக்க முடிகிறது, எது அதன் கைநழுவிப் போகிறது என்பதைப் பார்க்க முயல்கிறது. வெளியார் யாரையும் உள்ளே விடாமல் அண்டை நாட்டோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் வழக்கத்தை உறுதிப்படுத்தியதில் ஸ்வரண் சிங்குக்குப் பெரும் பங்கு உண்டு என்றே கருதுகிறேன். அதே வழக்கம், எந்த மக்களின் கடலைப் பற்றிப் பேசினார்களோ அந்த மக்களையும் வெளியார் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. அந்தக் குறை இன்றுவரை ஒவ்வொரு வாரமும் ராமேஸ்வரம் துறைமுகத்தில் வெளிப்படுகிறது.

பதவியும் அதில் வந்து அமர்ந்தவரும்

சுதந்திர இந்தியாவில் 1964 மே மாதம் வரை வெளியுறவுத் துறை பிரதமர் நேருவின் கையிலேயே இருந்தது. அவருக்குப் பின் இடைக்காலப் பிரதமர் குல்சாரிலால் நந்தாவும், சில வாரங்கள் லால் பகதூர் சாஸ்திரியும் அந்தத் துறையைத் தாங்களே வைத்திருந்தார்கள். 1964 ஜூலையில் ஸ்வரண் சிங் பொறுப்பேற்றபோதுதான் பிரதமர் அல்லாத ஒருவர் முதன்முறையாக அந்த நாற்காலியில் அமர்ந்தார். 1966 நவம்பர் வரை ஒரு முறை, 1970 ஜூன் முதல் 1974 அக்டோபர் வரை மறுமுறை என அவர் இரு தடவை அந்தப் பதவியை வகித்தார்.

இலங்கையின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. சுதந்திரத்தின்போது வந்த அரசியலமைப்பே பாதுகாப்பையும் வெளியுறவையும் பிரதமரிடம் ஒப்படைத்திருந்தது. 1977க்குப் பின் ஏ.சி.எஸ். ஹமீது வரும்வரை அங்கே தனி வெளியுறவு அமைச்சர் என்று ஒருவர் இல்லை. ஆகவே பேச்சுவார்த்தை மேசையின் ஒரு பக்கத்தில் துறையையும் ஆட்சியையும் ஒருசேரக் கையில் வைத்திருந்த பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க இருந்தார். மறுபக்கத்தில் பிரதமரின் முடிவுக்கு வடிவம் கொடுத்து, அதை நாடாளுமன்றத்தில் விளக்கிச் சொல்ல வேண்டிய அமைச்சர் இருந்தார். 1974 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் இரு பிரதமர்கள். ஸ்வரண் சிங்கின் கையெழுத்து அதில் இல்லை. அவருடைய சொல்தான் அவைக் குறிப்பில் இருக்கிறது. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு உதவும்.

ராமநாதபுரம் கரையோடு அவருக்கு ஏற்பட்ட முதல் தொடர்பு கச்சத்தீவுக்குப் பத்தாண்டு முற்பட்டது. பதவியேற்ற மூன்று மாதங்களில், 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதென்றும் முடிவாயிற்று. அந்த மீதியையும் 1974 ஜனவரியில் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் தலைவராக இருந்த சௌமியமூர்த்தி தொண்டமான் இந்த ஏற்பாட்டை எதிர்த்தார். யாருடைய ஊரும் நாடும் பேசப்பட்டதோ அவர்களுக்கு அந்தப் பேச்சில் இடம் இருக்கவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 22 இரவில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. அதன் பிறகு தலைமன்னாரிலிருந்து கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. தகரப் பெட்டியும் பாத்திர மூட்டையுமாக வந்து இறங்கிய குடும்பங்கள் மண்டபம் முகாமுக்குப் போய், அங்கிருந்து நீலகிரிக்கும் கூடலூருக்கும் இன்னும் தெரியாத ஊர்களுக்கும் பிரிந்து சென்றதைப் பார்த்த முதியவர்கள் இந்தக் கரையில் இன்றும் இருக்கிறார்கள். டெல்லியில் எழுதப்படும் வெளியுறவு ஆவணம் எப்படி இருக்கும் என்பதை மண்டபம் அப்போதே கண்டுவிட்டது.

மூன்றாமவர் வேண்டாம் என்ற முடிவு எங்கிருந்து வந்தது

ஸ்வரண் சிங்கின் பேச்சுவார்த்தை அனுபவம் வெளியுறவுத் துறைக்கு வருமுன்பே தொடங்கியது. சீனப் போருக்குப் பின், 1962 டிசம்பர் முதல் 1963 மே வரை காஷ்மீர் குறித்துப் பாகிஸ்தானின் ஜுல்பிகர் அலி புட்டோவுடன் நடந்த ஆறு சுற்றுப் பேச்சில் இந்தியாவின் சார்பில் அமர்ந்தவர் அவர்தான். அப்போது அவர் ரயில்வே அமைச்சர். அந்தப் பேச்சு அமெரிக்கா, பிரிட்டன் ஆகியவற்றின் நெருக்கடியால் நடந்தது. நெருக்கடியில் நடந்ததாலேயே பொறுமையோடு இழுத்துச் சென்று எதையும் விட்டுக்கொடுக்காமல் முடித்தார் என்று அவரைப் பாராட்டுபவர்கள் உண்டு.

அடுத்து வந்தது குஜராத் எல்லையிலுள்ள உப்புச் சதுப்புநிலமான ரண் ஆஃப் கட்ச் பிரச்சினை. 1965இல் அங்கே மோதல் வெடித்ததும் பிரிட்டன் நடுவில் புகுந்தது. வழக்கு மூவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. 1968 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு உரிமை கோரப்பட்ட பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைப் பாகிஸ்தானுக்குக் கொடுத்தது. கிடைத்த ஒன்பது பங்கைக் காட்டிலும் போன ஒரு பங்கே இந்திய அரசியலில் ஆறாத புண்ணாக நின்றது. 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சோவியத் பிரதமர் கோசிகின் இடைநின்று பேசியபோதும் ஸ்வரண் சிங் உடனிருந்தார். இப்படி மூன்று முறை மூன்று விதமான நடுவர்களைப் பார்த்தவர், இரண்டாம் முறை பதவிக்கு வந்தபோது நடுவர் என்ற ஏற்பாட்டையே தள்ளிவைக்க விரும்பியிருந்தால் அது இயல்புதான். 1972இன் சிம்லா ஒப்பந்தம், பிரச்சினைகளை இரு நாடுகளும் தமக்குள்ளேயே பேசித் தீர்க்க வேண்டும் என்ற கொள்கையை எழுத்தில் வைத்தது.

1971 ஆகஸ்ட் 9 அன்று சோவியத் வெளியுறவு அமைச்சர் கிரோமிக்கோவுடன் ஸ்வரண் சிங் கையெழுத்திட்ட இருபதாண்டு நட்புறவு ஒப்பந்தமும் இந்த வரிசையில் வருகிறது. அணிசேராக் கொள்கை அன்றோடு முடிந்துவிட்டது என்று எழுதியவர்கள் அப்போது பலர். ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு இந்தியாவின் அணிசேராக் கொள்கையைச் சோவியத் நாடு மதிக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பெரிய நாடொன்றோடு நெருங்கும்போதே அந்த நெருக்கத்தின் எல்லையையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்ல அமைச்சரின் வேலை. அந்த வேலையை அவர் செய்தார். அது வெளியுறவு அமைச்சகத்தின் பெருமைக்குரிய வரிகளில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

இலங்கையின் பக்கமும் சுயேச்சைக்கான தேடல் இருந்தது. 1971 ஏப்ரலில் இடதுசாரி இளைஞர் இயக்கமான ஜே.வி.பி.யின் கிளர்ச்சி அங்கே வெடித்தபோது இந்தியா ராணுவ உதவி அனுப்பியது. அதே ஆண்டு, இந்திய வான்வெளி மூடப்பட்டிருந்த பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்க வேண்டும் என்று சிறிமாவோ ஐக்கிய நாடுகள் சபையில் முன்மொழிந்ததும் அந்த ஆண்டில்தான். பெரிய அண்டை நாட்டின் நிழலில் கரைந்துவிடாமல் இருக்க முயலும் சிறிய நாட்டின் ராஜதந்திரம் அது. அதை மதித்து நடந்தால் கொழும்பு வேறு வாசல்களைத் தேடாது என்று டெல்லி கணக்கிட்டிருக்க வேண்டும். 1974 மே 18 அன்று பொக்ரானில் அணு வெடிப்புச் சோதனை நடந்து, மேற்கு நாடுகள் முகம் திருப்பிய வேளை வேறு. ஜூன் 20 அன்று கராகஸ் நகரில் உலக நாடுகள் கடல் சட்டத்தைப் புதிதாக வகுக்கக் கூடியிருந்தன. கடலெல்லைகள் நிலையற்று இருந்த காலம் அது. அண்டை நாட்டுடன் ஒரு கோட்டை உடனே முடித்துக்கொள்வதற்கு இத்தனை காரணங்கள் கூடிவந்தன.

தீவு, கோடு, மூன்று பிரிவுகள்

கச்சத்தீவு 285 ஏக்கர் கொண்ட திட்டு. குடிநீர் கிடையாது, குடியிருப்பும் கிடையாது. அந்தோணியார் கோயில் ஒன்று இருக்கிறது; நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி அதை எழுப்பினார் என்பது இக்கரையின் வழக்கு. சேதுபதிகளின் ராமநாதபுரம் ஜமீன் அந்தத் தீவைத் தன் கணக்கில் வைத்துக் குத்தகைக்கு விட்டுவந்தது. இலங்கையும் காலனிக் கால ஆவணங்களைக் காட்டி உரிமை கோரியது. 1921இல் சென்னை மாகாணத்துக்கும் இலங்கைக்கும் இடையே மீன்பிடி எல்லை பேசப்பட்டபோது தீவுக்கு மேற்கே மூன்று மைலில் ஒரு கோடு முன்வைக்கப்பட்டது. ஆனால் நில உரிமை பற்றிய கேள்வி தீர்க்கப்படாமலே விடப்பட்டது.

1974 ஜூன் 26, 28 ஆகிய நாட்களில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் பாக் நீரிணையில் ஆறு புள்ளிகளை இணைத்துக் கோடு கிழித்தது. அது கச்சத்தீவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு மைல் தள்ளிச் சென்றது. தீவு அந்தப் பக்கம் போயிற்று.

ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு, கோட்டுக்கு அவரவர் பக்கமுள்ள நீருக்கும் தீவுகளுக்கும் அடிநிலத்துக்கும் அவரவருக்கே முழு இறையாண்மை என்கிறது. ஐந்தாம் பிரிவு, மேற்சொன்னதற்கு உட்பட்டு, இந்திய மீனவர்களும் யாத்ரிகர்களும் இதுவரை போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம், அதற்காகப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது. ஆறாம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்றவருடைய நீரில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. ஒப்பந்தத்தில் இக்கரை மக்களைத் தொடுகிற வரிகள் இவைதான்.

1974 ஜூலை 23 அன்று ஸ்வரண் சிங் இந்த ஒப்பந்தத்தை மக்களவையில் வைத்தார். இரு நாட்டுக்கும் நியாயமான, சமமான ஏற்பாடு இது என்றார். இரு தரப்பும் கடந்த காலத்தில் அனுபவித்துவந்த மீன்பிடி, யாத்திரை, கப்பல் போக்குவரத்து ஆகிய உரிமைகள் எதிர்காலத்துக்கும் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன என்றும் உறுதி சொன்னார். அமைச்சர் சொன்ன மூன்றையும் ஒப்பந்தத்தின் பிரிவுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். யாத்திரை ஐந்தாம் பிரிவில் தெளிவாக இருக்கிறது. போக்குவரத்தை ஆறாம் பிரிவில் காணலாம். மீன்பிடி எந்தப் பிரிவிலும் பெயர் சொல்லி எழுதப்படவில்லை. மீனவர் தீவுக்கு வரலாம் என்றுதான் இருக்கிறதே தவிர, தீவைச் சுற்றி வலை விடலாம் என்று இல்லை. மரபு உரிமை என்பதில் மீன்பிடியும் அடங்கும் என்று வாதிட இடமுண்டு, தமிழ்நாடு அப்படித்தான் வாதிட்டு வருகிறது. வலை உலர்த்தவும் இளைப்பாறவும் மட்டுமே அந்த அனுமதி என்று இலங்கை படிக்கிறது. ஸ்வரண் சிங் வழக்கறிஞர். சோவியத் ஒப்பந்தத்தில் அணிசேராமையை ஒரு தனிப் பிரிவாக எழுதி வாங்கியவர். மீன்பிடி என்பதைத் தாளில் எழுதி வாங்காமல் அவையில் மட்டும் சொன்னதுதான் இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்துகிற இடம்.

அன்று ராமநாதபுரம் தொகுதியின் மக்களவை உறுப்பினர் பி.கே. மூக்கையாத் தேவர் கடுமையாக எதிர்த்துப் பேசினார். திமுக உள்ளிட்ட கட்சிகளும் எதிர்த்தன. அதற்கு முன் ஜூன் மாதத்தில் வெளியுறவுச் செயலர் கேவல் சிங் சென்னைக்கு வந்து முதல்வர் மு. கருணாநிதியிடம் விவரம் சொல்லியிருந்தார். ஆகஸ்ட் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஒப்பந்தத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. யாருக்கு எப்போது என்ன தெரியும் என்பது பற்றிக் கட்சிகளுக்குள் ஐம்பது ஆண்டுகளாக நடக்கும் சண்டையில் நான் நுழையவில்லை. முதல்வர் வரை செய்தி வந்தது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இருந்த சம்மாட்டிகளிடமோ (படகு உரிமையாளர்களிடமோ) நாட்டுப்படகு மீனவர்களிடமோ வடகடலில், அதாவது பாக் நீரிணையில், எந்தப் பருவத்தில் எங்கே தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டதாக எந்தப் பிரிவும் காட்டவில்லை. தகவல் தெரிவித்தார்கள், கலந்து பேசவில்லை என்று சொல்வதே சரி.

நிலத்தைப் பிற நாட்டுக்குக் கொடுப்பதானால் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று 1960இல், மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது பற்றிய விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்திருந்தது. கச்சத்தீவு சர்ச்சைக்குரிய பகுதி, அங்கே கோடுதான் வகுத்தோம், நிலம் எதையும் கொடுக்கவில்லை என்ற நிலையை ஒன்றிய அரசு எடுத்ததால் திருத்தம் வரவில்லை. இதைச் சட்டத்தின் வழியாக எதிர்த்து ஜெயலலிதா 2008இலும், கருணாநிதி 2013இலும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள்.

1976 மார்ச் 23: ஒரு கடிதம்

மக்கள் நினைவில் 1974 தங்கிவிட்டது. மீனவரின் அன்றாடத்தைத் தொட்டது 1976. 1974 அக்டோபரிலேயே ஸ்வரண் சிங் வெளியுறவை விட்டுப் போயிருந்தார், ஒய்.பி. சவாண் அந்த இடத்துக்கு வந்திருந்தார். 1975 ஜூனில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. ஏறத்தாழ ஏழு வாரம் கழித்து, மாநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு இல்லாத நேரத்தில், பத்திரிகைத் தணிக்கை நடந்துகொண்டிருந்தபோது, மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை வகுக்கும் இரண்டாவது ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதே நாளில் கேவல் சிங்குக்கும் இலங்கைச் செயலர் டபிள்யூ.டி. ஜயசிங்கவுக்கும் இடையே கடிதங்கள் பரிமாறப்பட்டன. ஒரு நாட்டின் மீன்பிடிக் கலங்களும் மீனவர்களும் மற்ற நாட்டின் வரலாற்று நீர்ப்பரப்பிலோ, ஆட்சிக் கடலிலோ, பொருளாதார மண்டலத்திலோ அந்நாட்டின் வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்று அதில் எழுதினார்கள். வரலாற்று நீர்ப்பரப்பு என்று 1974 ஒப்பந்தம் அழைத்தது பாக் நீரிணையை. ஆக, தென்கடல் எல்லைக்காக எழுதப்பட்ட ஒரு கடிதத்தின் வழியே வடகடலின் மீன்பிடியும் நின்றது.

ஓர் அமைச்சர் நாட்டின் முன் எழுந்து நின்று கொடுத்த உறுதி இரண்டு ஆண்டுகூட ஆகுமுன், இரு அதிகாரிகளின் கடிதத்தால் வெறுமையானது. அமைச்சர் மாறலாம், கொள்கை மாறலாம். அவையில் கொடுத்த உறுதியை மாற்றுவதானால் அதே அவையில் அதே கரையின் பிரதிநிதி கேள்வி கேட்கக்கூடிய சூழலில் மாற்ற வேண்டும். அதற்கு 1976 இடம் கொடுக்கவில்லை. தனி வெளியுறவு அமைச்சர் என்ற பதவி இருப்பதன் பயனே, பேசியவற்றுக்கு நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்பதுதான். பதில் சொல்லும் கடமை ஓய்ந்திருந்த நேரத்தில் பதவியும் வெறும் அலுவலகமாகிவிட்டது.

போர் மறைத்ததும் அமைதி வெளிப்படுத்தியதும்

இந்தக் கடிதத்தின் விளைவு உடனே தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின், அப்போதைய வெளியுறவு அமைச்சர் பி.வி. நரசிம்ம ராவ் அவசரமாகக் கொழும்பு சென்றார். அகதிகள் படகுபடகாக ராமேஸ்வரத்திலும் அரிச்சல்முனையிலும் வந்திறங்கினார்கள். மண்டபம் முகாம் மீண்டும் நிரம்பியது. போர் நீண்ட ஆண்டுகளில் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் தம் கடலுக்கே போக முடியாமல் தடுக்கப்பட்டார்கள். எதிர்க்கரையில் ஆளில்லாத அந்தக் கடலில்தான் நம் விசைப்படகுகள் இறாலுக்காக இழுவை மடி (கடலடியோடு இழுத்துச் செல்லும் வலை) போட்டன. துப்பாக்கிச் சூட்டுக்கும் அடிக்கும் நடுவில், உயிர்களைக் கொடுத்தபடி, தொழில் நடந்தது. 2008 அக்டோபரில் இரு அரசுகளும் சேர்ந்து, இந்திய மீன்பிடிப் படகுகள்மீது சுடுவதில்லை, இலங்கை குறிக்கும் பதற்றமான பகுதிகளுக்குப் படகுகள் போவதில்லை என்று ஓர் ஏற்பாடு செய்தன.

2009இல் போர் முடிந்து வடக்கு மீனவர்கள் கடலுக்குத் திரும்பியபோது, அறுந்த தங்கள் வலைகளைக் கண்டார்கள். அவர்களும் தமிழர், கடன் வாங்கி வலை வாங்கியவர்கள். நம் இழுவை மடி அவர்கள் கடலின் அடியை வழித்தெடுத்துவிட்டது என்ற அவர்களுடைய குற்றச்சாட்டு உண்மை. இதைச் சொல்லாமல் கச்சத்தீவைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையாகாது என்று இக்கரையில் இருந்துகொண்டே சொல்ல வேண்டியிருக்கிறது. 2017இல் இலங்கை இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது.

நம் பக்கத்தின் நெருக்கடியும் கண்ணால் காணக்கூடியது. தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடிச் சட்டப்படி கரையிலிருந்து மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு உரியது. விசைப்படகு அதற்கு அப்பால் போக வேண்டும். ராமேஸ்வரத்தில் டோக்கன் வாங்கிப் புறப்படும் விசைப்படகு இரண்டு மணி நேரத்துக்குள் எல்லைக்கோட்டை எட்டிவிடும். நடுவில் கிடைக்கும் பட்டையில் பல நூறு படகுகள் ஒரே நாளில் மடி போட இடமில்லை. டிரைவரின் முன்னால் ஜிபிஎஸ் திரையில் கோடு தெரிகிறது, கடலில் தெரிவதில்லை. திரையில் தெரிந்தும் கடக்கிறவர்கள் உண்டு. டீசலுக்கு வாங்கிய பணம் கரையில் காத்திருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. கடந்தால் இலங்கை நேவி பிடிக்கிறது. ஆள் சில வாரத்திலோ மாதத்திலோ வந்துவிடலாம், படகு வருவதில்லை. 2024 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் சொன்ன கணக்குப்படி அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் 6,184 இந்திய மீனவர்களை இலங்கை பிடித்தது, 1,175 படகுகளைக் கைப்பற்றியது.

ஐந்தாம் பிரிவு மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் அந்தோணியார் திருவிழா வரும்போது ராமேஸ்வரத்தின் வேர்க்கோடு தேவாலயப் பங்கில் பெயர் கொடுத்து, அடையாள அட்டை காட்டி, உயிர் காப்புச் சட்டை மாட்டிக்கொண்டு, குடிநீரும் சாப்பாடும் கட்டிக்கொண்டு மக்கள் போகிறார்கள். கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் தேர், மறுநாள் காலைத் திருப்பலி. நெடுந்தீவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்களோடு சொந்தம் விசாரிக்கிறார்கள். கருவாடும் சோப்பும் துணியும் கை மாறுகின்றன. பாஸ்போர்ட் யாரும் கேட்பதில்லை. தெளிவாக எழுதப்பட்ட ஒரு வரி, போரையும் தாண்டி, ஆட்சிகள் மாறியும் அரை நூற்றாண்டு தாங்கி நிற்கிறது. மீன்பிடிக்கும் இப்படி ஒரு வரியை எழுதியிருந்தால் 1976இல் ஒரு கடிதத்தால் அதைத் தொட்டிருப்பது இத்தனை எளிதாக இருந்திருக்காது.

பின்வந்த அமைச்சர்கள்

பதவியின் வலு எங்கே வெளிப்பட்டது என்று தேடினால் 2016 நவம்பரில் டெல்லியில் நடந்த கூட்டத்தைச் சுட்டலாம். சுஷ்மா ஸ்வராஜும் இலங்கையின் மங்கள சமரவீரவும், இரு நாட்டு மீன்வள அமைச்சர்களோடு ஒன்றாக உட்கார்ந்தார்கள். கூட்டுப் பணிக்குழு அமைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவது, கடலோரக் காவல் படைகளுக்கிடையே நேரடித் தொலைபேசி, இழுவை மடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவது ஆகியவற்றை ஒப்புக்கொண்டார்கள். 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் மீனவரும் மீனவரும் நேரில் பேசிய அனுபவம் அதற்கு முன்பே இருந்தது. தீவு யாருடையது என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, மடியும் வலையும் படகும் பேசப்பட்ட அந்தக் கூட்டங்களையே இந்த ஐம்பது ஆண்டுகளில் மிகவும் உருப்படியானவையாக மதிக்கிறேன். பின்னர் அந்தக் கூட்டங்கள் சொன்ன இடைவெளியில் நடக்கவில்லை. ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாறுவதற்கான 2017ஆம் ஆண்டுத் திட்டமும், கன்னியாகுமரி அளவுக்கு ஆழ்கடல் பழக்கம் இல்லாத, காலையில் போய் மறுநாள் கரை திரும்பிப் பழகிய ராமேஸ்வரத்தில் எதிர்பார்த்த வேகத்தில் வேரூன்றவில்லை.

2014இல் அட்டர்னி ஜெனரல் உச்ச நீதிமன்றத்தில், கச்சத்தீவைத் திரும்பப் பெறுவதானால் போர்தான் செய்ய வேண்டும் என்ற பொருள்பட வாதிட்டார். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீவை மீட்கக் கோரி மறுபடியும் தீர்மானம் போட்டது. தேர்தல் நெருங்கும்போதெல்லாம் 1974 திரும்பி வருகிறது. 1976இன் கடிதத்தை யாரும் எடுத்துப் படிப்பதில்லை.

அந்தக் கடிதத்தில்தான் இன்றைக்குப் பயன்படக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. மீன்பிடிக்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. அந்தந்த நாட்டின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மீன்பிடிக்கக் கூடாது என்கிறது. எல்லையைத் தொடாமல், இறையாண்மைக் கேள்வியைக் கிளறாமல், அனுமதி என்ற அந்த ஏற்பாட்டை வைத்து ஒரு வெளியுறவு அமைச்சர் பேச்சைத் தொடங்கலாம். இழுவை மடி அறவே கிடையாது, நாட்டுப்படகுக்கும் வழிவலைக்கும் (நீரில் மிதக்கவிடும் வலைக்கும்) மட்டும், இரு கரை மீனவர்களும் சேர்ந்து ஒப்புக்கொண்ட நாட்களில், எண்ணிக்கை வரையறுத்து உரிமம் என்று அது அமையலாம். இலங்கை ஒப்புக்கொள்ள வேண்டுமானால் முதலில் நம் கரையில் இழுவை மடி நிற்க வேண்டும். நிற்க வேண்டுமானால் படகை விட்டுக்கொடுக்கும் சம்மாட்டிக்கும் அதில் கூலிக்குப் போகிறவருக்கும் மாற்றுத் தொழிலுக்கான பணம் கையில் வர வேண்டும். அதற்கு வெளியுறவு, மீன்வளம், மாநில அரசு ஆகிய மூன்றும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். கூட்டுப் பணிக்குழுவின் அடுத்த அமர்வில் ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி ஆகிய கரைகளின் மீனவர் சங்கப் பிரதிநிதிகளுக்கும், கடலுக்கு அந்தப் பக்கத்தில் மன்னார், யாழ்ப்பாணம் சங்கங்களுக்கும் நிரந்தர இருக்கை கொடுக்கும்படி கோருவது வெளியுறவு அமைச்சரின் அதிகாரத்துக்கு உட்பட்ட செயல். அதற்குப் புதிய ஒப்பந்தமோ அரசியலமைப்புத் திருத்தமோ தேவைப்படாது.